தாபரிப்புப் பணம்: வருமானக் கணக்கிலும் வரியிலும் ஸகாத்திலும் அதன் இடம்

  

ரமழானின் கடைசிப் பத்தில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். புறக்கோட்டையில் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராகப் பணிபுரிபவர். தலாக் நிகழ்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் கொட்டாஞ்சேனையில் தாயுடன் வசிக்கின்றனர்.

"ஹஸரத்! பிள்ளைகளுக்கு மாதாமாதம் முப்பதாயிரம் ரூபா கொடுக்கிறேன். வருடத்துக்கு மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ஆகிறது. இதை என் ஸகாத்தில் கழித்துக்கொள்ளலாமா? வருமான வரியிலும் கழிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறாரே, அது சரியா?"

இரண்டுக்கும் விடை 'இல்லை' என்பதே. ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், அவர் கேளாத மூன்றாவது கேள்வியொன்று அதற்குள் மறைந்திருந்தது. அந்த முப்பதாயிரம் எந்த வருமானத்தைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கப்பட்டது என்பதே அது. இன்று உங்களுடன் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான். வருமானத்தைப் பார்த்தே தாபரிப்பு தீர்மானிக்கப்பட வேண்டும். தாபரிப்பைக் கொடுப்பதால் வருமானம் குறைந்துவிட்டதாக எவரும் கணக்கெழுத முடியாது. இவ்வரிசை தலைகீழாகும் இடத்தில்தான் நமது மஹல்லாக்களில் தகராறுகள் தொடங்குகின்றன.

முதலில் மார்க்கத்தின் அளவுகோலைப் பாருங்கள். அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், வசதியுள்ளவர் தம் வசதிக்கு ஏற்பவும், வாழ்வாதாரம் நெருக்கப்பட்டவர் அல்லாஹ் தமக்கு அளித்ததிலிருந்தும் செலவிட வேண்டும் எனப் பணிக்கின்றது. அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனமோ, பாலூட்டும் தாய்மாரின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கின்றது. அபூ ஸுப்யான் (ரழி) அவர்கள் வீட்டுச் செலவுக்குப் போதியளவு தருவதில்லை என அவர்களின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கப்படி போதுமானதைக் கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. இந்தச் செய்தியை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர்.

இவற்றிலிருந்து நமது ஷாஃபிஈ இமாம்கள் இரு வேறு கணக்குகளை வகுத்தனர். மனைவியின் நஃபகா கணவனின் நிலையைப் பொறுத்தது. வசதியுள்ளவன் நாளொன்றுக்கு இரண்டு முத்து தானியம், நடுத்தரமானவன் ஒன்றரை முத்து, ஏழை ஒரு முத்து. (ஒரு முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் நிறையும் அளவு.) இதற்கு மேல் கறி, உடை, உறைவிடம் ஆகியன தனித்தனியே வரும். பிள்ளையின் நஃபகாவுக்கு இத்தகைய அளவு கிடையாது. பிள்ளைக்குப் போதுமானது எதுவோ, அதுவே அளவு. மனைவி செல்வந்தர் வீட்டுப் பெண் என்பதற்காகக் கணவனின் கடமை கூடுவதுமில்லை, அவள் தொழில் பார்க்கிறாள் என்பதற்காகக் குறைவதுமில்லை. "அவளுக்குத்தான் சம்பளம் வருகிறதே" என்று நமது சகோதரர்கள் சொல்லும் நியாயத்துக்கு நாம் ஓதிய பிக்ஹு நூல்களில் இடமில்லை.

தலாக்கிற்குப் பின்னர் நிலைமை மாறுகின்றது. மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்காயின் இத்தா முடியும்வரை மனைவிக்கு முழு நஃபகாவும் உறைவிடமும் உண்டு. மீட்ட முடியாத தலாக்காயின் உறைவிடம் உண்டு. அவள் கர்ப்பிணியாயின் நஃபகாவும் உண்டு. இத்தா முடிந்ததும் அவளுக்கான நஃபகா நின்றுவிடும். பிள்ளையின் நஃபகாவோ நிற்பதில்லை. தாயுடன் கோபம் என்பதற்காகப் பிள்ளையின் சோற்றில் கைவைக்க எந்த மத்ஹபும் அனுமதிக்கவில்லை.

இலங்கையில் இவ்விடயங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காழி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. மனைவியின் தாபரிப்பு, பிள்ளையின் தாபரிப்பு, பிரசவச் செலவு, இத்தாச் செலவு, மஹர், கைக்கூலி யாவும் அங்கேயே கோரப்பட வேண்டியவை. முஸ்லிம் அல்லாத நமது அயலவர்கள் இதே தேவைக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் செல்கின்றனர். காழியின் முன்னிலையில், தரப்பினர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர்களோ அதன் சட்டமே அவர்களது உரிமைகளைத் தீர்மானிக்கின்றது. ஆகவே மேலே நான் சொன்ன பிக்ஹு வெறும் மத்ரஸாப் பாடமன்று. ஜிந்துப்பிட்டியில் வாழும் ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவை அது நேரடியாகத் தொடுகின்றது.

சம்பளத்தில் இத்தனை வீதம் பிள்ளைக்கு என்று சொல்லும் அட்டவணை எதுவும் அச்சட்டத்தில் இல்லை. காழி அவர்கள் தந்தையின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் விசாரித்தே தொகையைத் தீர்மானிக்க வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதற்கும் அனுமதியில்லை. புதுக்கடை நீதிமன்றங்களில் உங்களுக்காக ஒருவர் பேசுவார், காழி நீதிமன்றத்தில் நீங்களே பேச வேண்டும். எனவே கணக்கையும் நீங்களே சரியாகக் கொண்டு செல்ல வேண்டியவர்களாகின்றீர்கள்.

இப்போது நமது சகோதரரின் கணக்குக்கு வருவோம். அன்றிரவு பள்ளிவாசலில் அமர்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் இருவரும் எழுதிப் பார்த்தோம். அவரது மாதச் சம்பளம் 200,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 16,000 போகிறது. வருமான வரி 3,000. மிகுதி 181,000. அதற்குப் பிறகும் அவரது சம்பளச் சீட்டில் கழிவுகள் தொடர்ந்தன. மோட்டார் சைக்கிளுக்கான லீசிங் 28,000, அலுவலகக் கடன் 20,000, சக ஊழியர்களோடு பிடிக்கும் சீட்டு 25,000. இறுதியில் கைக்கு வருவது 108,000. விசாரணையின்போது அவர் தமது வருமானமாகச் சொன்னது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். அவரைப் பொறுத்தவரை அதுதான் 'சம்பளம்'. நம்மில் பலரும் இப்படித்தான் எண்ணுகிறோம். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். சேமலாப நிதியும் வரியும் அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சட்டத்தால் பிடிக்கப்படுபவை. அவற்றை நீக்கியே அவரது வசதியை அளப்பது நியாயம். சீட்டுப் பணமோ அவரது சொந்தச் சேமிப்பு. ஒரு பையிலிருந்து மற்றப் பைக்கு மாற்றிய பணம் அது. மோட்டார் சைக்கிள் அவரது தெரிவு. கடனைப் பற்றி விசாரிக்கலாம். அது மருத்துவத்துக்கா, அல்லது கைப்பேசி வாங்கவா? உழைக்கச் சக்தியுள்ளவர் பிள்ளைக்காக உழைத்தாவது கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று இமாம்கள் கூறியிருக்க, சேமித்துக்கொண்டு "கையில் இல்லை" என்று சொல்ல வழியேது? முப்பதாயிரத்தை 108,000 ரூபாவோடு ஒப்பிட்டால் தாராளமாகத் தோன்றும். 181,000 ரூபாவோடு ஒப்பிட்டால் அது ஆறில் ஒரு பங்கும் இல்லை, அதுவும் இரு பிள்ளைகளுக்கு.

வியாபாரிகளின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கடையைத் தம்பியின் பெயருக்கு மாற்றிவிட்டு, தாம் அங்கே சம்பளத்துக்கு நிற்பதாகச் சொல்பவர்கள் உண்டு. புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்யும் ஏழைச் சகோதரர் தமது அன்றாடக் கூலியை உள்ளபடி சொல்லிவிடுகிறார். மறைப்பதற்கு வழி தெரிந்தவர்களே மறைக்கிறார்கள்.

அடுத்தது வருமான வரி. நமது நாட்டில் இப்போது நடைமுறையிலிருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அதில் கணவனும் மனைவியும் தனித்தனி வரி செலுத்துநர்களாகவே கருதப்படுகின்றனர். மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்கும் தாபரிப்பை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க அச்சட்டம் இடமளிப்பதில்லை. இன்னாருக்கு இத்தனை பிள்ளைகள் என்பதற்காக வரி குறைவதும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விடுதொகை மாத்திரமே உண்டு. அது 2020 தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கு 30 இலட்சமாக இருந்து, 2023 ஜனவரி முதல் 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வரி இல்லை.

நமது சகோதரரின் ஆண்டுச் சம்பளம் 24 இலட்சம். விடுதொகை 18 இலட்சம் போக மிகுதி 6 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கான வீதம் 6 என்பதால் ஆண்டு வரி 36,000, மாதத்துக்கு 3,000. அவர் தாபரிப்பாக முப்பதாயிரம் கொடுத்தாலும், அறுபதாயிரம் கொடுத்தாலும், ஒரு சதமும் கொடுக்காவிட்டாலும் இந்த மூவாயிரம் மாறாது. எனவே "வரி கட்டுகிறேன், அதனால் பிள்ளைக்குக் குறைப்பேன்" என்று சொல்வதற்கும் பெரிய இடமில்லை. 2023இல் விடுதொகை குறைந்தபோது, 120,000 சம்பளம் பெற்ற ஒருவருக்குப் புதிதாக வந்த வரி மாதம் 1,200 ரூபா. அதைக் காரணம் காட்டி ஐயாயிரம் குறைக்கக் கேட்டவரை நான் அறிவேன்.

பெறும் தாய்மாரும் என்னிடம் கேட்பதுண்டு: "இந்தப் பணத்துக்கு எனக்கு வரி வருமா?" சகோதரிகளே, உங்களது மொத்த வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குள் இருக்கும்வரை வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதம் முப்பதாயிரம் பெறுபவர் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறார்.

வரியில் கழிக்கலாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலமாக வந்திருக்கலாம். அமெரிக்காவில் நெடுங்காலமாக, பிரிந்த மனைவிக்குக் கொடுக்கும் தொகையைக் கணவன் வரியில் கழிக்கவும், பெறுபவள் அதற்கு வரி செலுத்தவும் சட்டம் இருந்தது. 2017இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2018 டிசம்பர் 31க்குப் பின்னர் ஏற்பட்ட விவாகரத்துகளுக்கு அந்த முறை நீங்கிவிட்டது. பிள்ளைக்கான தொகையை அங்கும் முன்னரே கழிக்க முடியாதிருந்தது. பிரித்தானியாவில் இத்தகைய சலுகை, தம்பதியரில் ஒருவராவது 1935 ஏப்ரல் 6க்கு முன் பிறந்திருந்தாலன்றிக் கிடையாது. ஆக, லண்டனிலுள்ள மச்சான் சொன்னார் என்று நம்பி இங்கே படிவம் நிரப்ப வேண்டாம்.

ஒரு முறை தீர்மானித்த தொகை கியாமத் நாள்வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். 2022இல் நாம் அனைவரும் அனுபவித்ததை மறந்துவிட முடியாது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் ஐயாயிரத்துக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்குப் பத்தாயிரத்தை நெருங்கிய தொகை தேவைப்பட்டது. 2019இல் எழுதப்பட்ட பத்தாயிரம் ரூபா உத்தரவுடன் அந்த மாதங்களைக் கடந்த தாய்மார், பாதிப் பட்டினியைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைக்குப் போதுமானதே அளவு என்று மார்க்கம் கூறும்போது, போதாமல் போன தொகை கடமையை நிறைவேற்றியதாகாது. உத்தரவிட்ட தொகையைக் கூட்டவோ குறைக்கவோ காழியிடம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழியுண்டு. உண்மையாகவே தொழிலிழந்த தந்தைக்கும் அது உதவும். அவர் செய்யக்கூடாதது, விண்ணப்பிக்காமல் தாமாகவே நிறுத்திவிடுவது.

நிலுவை பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே எனது தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வந்த புதிதில், பெண்மணி ஒருவர் நான்கு வருட நிலுவையைப் பற்றி விசாரித்தார். காழியிடம் அவர் ஒருபோதும் போகவில்லை. அனைத்தும் கணவனின் மீது கடனாக இருக்கிறது, பிறகு கேட்டு வாங்கலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். என் உஸ்தாத் அதைக் கேள்விப்பட்டு மின்ஹாஜைத் திறந்து என் முன்னால் வைத்தார். மனைவியின் நஃபகா கொடுபடாது போனால் அது கணவனின் மீது கடனாகிவிடும், காலம் கடந்ததால் நீங்காது. கணவன் மரணித்தாலும் மஹர் பாக்கியைப் போலவே, வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் அவனது சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். பிள்ளையின் நஃபகா அப்படியல்ல. அன்றன்றைய தேவைக்கானது என்பதால், நாள் கடந்துவிட்டால் அது கடனாக நிற்காது. நீதிபதி தொகையை விதித்திருந்தால் அல்லது கடன் வாங்கிச் செலவிட அனுமதித்திருந்தால் மட்டுமே நிற்கும். பாவம் தந்தையின் மீது இருக்கும், ஆனால் கேட்டு வாங்கும் உரிமை கைநழுவிவிடும். அந்தப் பெண்மணியிடம் நான் திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. முதல் வருடத்திலேயே காழியிடம் போகச் சொல்லும் ஒருவர் அவருக்கு இருந்திருக்கலாம்.

ஆகவே தாய்மாரே, குடும்ப மானத்தை எண்ணிப் பிந்த வேண்டாம். காழியின் உத்தரவு இருந்தும் தந்தை கொடுக்காவிட்டால், காழி அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அறிவித்து, தண்டப்பணம் அறவிடுவதுபோல் அறவிடச் செய்ய முடியும். விசாரணைக்குப் போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, பாடசாலை, வேன் செலவுகள், மருந்துத் துண்டுகள் யாவற்றையும் ஒரு கோவையில் எடுத்துச் செல்லுங்கள். தந்தைமாரே, நீங்களும் கொடுப்பதை வங்கி மூலமே கொடுங்கள். கையில் கொடுத்துவிட்டுப் பிறகு சத்தியம் செய்து நிற்பதைவிட ஒரு வைப்புச் சீட்டு மேலானது.

இனி ஸகாத். சகோதரரின் முதற் கேள்வி இதுவே. யாருடைய நஃபகா ஒருவர் மீது கடமையோ, அவர்களுக்கு ஏழைகளின் பங்கிலிருந்து அவர் தமது ஸகாத்தைக் கொடுக்க முடியாது. பிள்ளைக்குக் கொடுப்பது அவர் ஏற்கனவே பட்ட கடமை. அதையே ஸகாத்தாகவும் எழுதினால் ஒரு ரூபாவைக் கொண்டு இரு கடன்களைத் தீர்த்ததாகிவிடும். இத்தா முடிந்த பின்னர் முன்னாள் மனைவி ஏழையாக இருந்தால், அவளுக்கென்று ஸகாத் கொடுக்கலாம். ஏனெனில் அவளது நஃபகா இப்போது அவர் மீது இல்லை. ஆனால் அதைக் காட்டிப் பிள்ளையின் தொகையைக் குறைப்பது கூடாது. இதற்கு எதிர்த்திசை வேறு. வசதியுள்ள மனைவி ஏழைக் கணவனுக்குக் கொடுக்கலாம். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் சேர்ந்து கிடைக்கும் என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியது புகாரியில் உண்டு. மனைவியின் மீது கணவனின் நஃபகா கடமையில்லை என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

ஸகாத்துக்கான செல்வத்தைக் கணக்கிடும்போது, வருடத்துக்குள் பிள்ளைகளுக்காகச் செலவாகிப் போனது போய்விட்டது, அது கணக்கில் வராது. ஆனால் வரும் வருடம் கொடுக்கவேண்டியதை இப்போதே ஒதுக்கிக் கழிக்க முடியாது. நிலுவைக் கடனைக் கழிக்கலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடன் ஸகாத்தைத் தடுப்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் மனிதர்களுக்குரிய கடன் கழிக்கப்படும். நமது மேமன் சகோதரர்கள் தமது உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பெறுபவரின் பக்கமும் ஒன்றுண்டு. தாய் சிக்கனமாகச் சேமித்துப் பிள்ளையின் பெயரில் வங்கியிலிட்ட பணம் நிஸாபை அடைந்து ஒரு சந்திர ஆண்டு நிறைந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் சிறுபிள்ளையின் செல்வத்திலும் 2.5 வீதம் ஸகாத் உண்டு, பொறுப்பாளர் அதைக் கொடுக்க வேண்டும். மாதாமாதம் வந்து மாதாமாதம் செலவாகும் பணத்துக்கு ஸகாத் இல்லை.

அந்தத் துண்டுக் காகிதத்தைச் சகோதரர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஷவ்வால் பிறந்து இரண்டாவது வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார். தாபரிப்பைக் கூட்டுமாறு பிள்ளைகளின் தாய்தான் விண்ணப்பிக்க வேண்டுமா, அல்லது தந்தையே காழியிடம் போய்த் தமது வருமானம் இவ்வளவு என்று சொல்லித் தொகையை மாற்றி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். இரு தரப்பும் இணங்கி ஒன்றாகப் போனால் விசாரணை இலகுவாகும், சம்பளச் சீட்டின் முழுப் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள் என்றேன்.